கழற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா?
கப்பல் மின்கருவிகளின் பராமரிப்புப் பற்றிய சில கருத்துகள்

1880ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘கொலம்பியா’ என்னும் நீராவிக் கப்பலில் எடிசனின் மின்விளக்குகள் பொருத்தப்பட்டபோது, கப்பலில் மின்சாரம் ஒரு வசதியாகவே கருதப்பட்டது. மின்விளக்கு அணைந்தால் எண்ணெய் விளக்கை ஏற்றிக் கொள்ளலாம். கப்பலின் ஓட்டம் அதனால் தடைப்படாது. இன்றைய நிலை வேறு. சுக்கானை இயக்கும் பம்புகள், முதன்மை என்ஜினைக் குளிர்விக்கும் பம்புகள், எரியெண்ணெயை ஊட்டும் பம்புகள், ராடார், வழிகாட்டும் கருவிகள், தீயறிவிப்பு அமைப்பு ஆகிய அனைத்தும் மின்சாரத்தையே நம்பியுள்ளன. மின்சாரம் நின்றால் கப்பல் இருளில் ஆழ்வதோடு நில்லாது. கட்டுக்கு அடங்காத பெரும்பாரமாக மாறி, நீரோட்டமும் காற்றும் இழுத்த வழியே செல்லத் தொடங்கும்.

நிலத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மின்சாரம் தடைப்பட்டால், வேறு வழியாகப் பெறலாம். வேண்டிய உதிரிப்பாகத்தை அடுத்த ஊரிலிருந்து வரவழைக்கலாம். கப்பலோ தானே மின்நிலையமாகவும், தானே மின்விநியோக நிலையமாகவும், தானே பழுதுபார்க்கும் பட்டறையாகவும் இருக்க வேண்டியுள்ளது. ஆகவே, பழுது வந்தபின் பார்த்துக் கொள்ளலாம் என்னும் மனப்பான்மை கப்பலுக்கு ஒவ்வாது. இதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. வருமுன் காப்பது எவ்வாறு என்பதிலேயே கருத்து வேற்றுமை தோன்றுகிறது.

பால்டிமோர் தரும் பாடம்

2024 மார்ச் 26ஆம் நாள், நள்ளிரவு கடந்து 1 மணி 25 நிமிடம் அளவில், ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்திலிருந்து கொழும்பை நோக்கிப் புறப்பட்டுச் சென்றுகொண்டிருந்தது. அதன் பணியாளருள் பெரும்பாலோர் இந்தியர். திடீரென மின்மாற்றி ஒன்றின் பிரேக்கர் தானே விடுபட்டது. குறைந்த அழுத்த மின்சாரம் முழுவதும் நின்றது. முதன்மை என்ஜினும் நின்றது. பணியாளர் விரைந்து மின்சாரத்தை மீட்டனர்; எனினும் சிறிது நேரத்திற்குள் இரண்டாம் முறையும் அது தடைப்பட்டது. 1 மணி 29 நிமிடத்தில் கப்பல் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியது. பாலம் இடிந்து வீழ்ந்தது. அவ்விரவில் பாலத்தின் மீது சாலையைச் செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர் 6 பேர் உயிரிழந்தனர்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 நவம்பரில் தனது முடிவுகளை வெளியிட்டது. முதல் மின்தடைக்குக் காரணம் ஒரே ஒரு கட்டுப்பாட்டுக் கம்பி. கம்பியை அடையாளங் காண அதன்மேல் செருகப்பட்டிருந்த குழல் சரியாகப் பொருத்தப்படாமையால், கம்பியின் முனை இணைப்புக் கட்டைக்குள் முழுமையாக நுழையவில்லை. இணைப்புத் தளர்ந்தே இருந்தது. இரண்டாம் மின்தடைக்குக் காரணம், மின்னியற்றிகளின் டீசல் என்ஜின்களுக்கு எரியெண்ணெய் ஊட்டுவதற்கு, மின்சாரம் மீண்டபின் தானே இயங்கத் தொடங்காத வேறொரு பம்பு பயன்படுத்தப்பட்டு வந்ததாகும்.

இவ்விரு காரணங்களும் ஆழ்ந்து சிந்திக்கத் தக்கவை. பேரிங் தேயவில்லை, கம்பிச்சுருள் எரியவில்லை, எந்த இயந்திரமும் தன் வயது முடிந்து ஓயவில்லை. குறித்த நாளில் மோட்டாரைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதே பராமரிப்பு என்று கொண்டால், அப்பராமரிப்பு எத்துணைச் சிறப்பாக நடைபெற்றிருந்தாலும் இவ்விரண்டு குறைகளுள் ஒன்றும் வெளிப்பட்டிராது. நாட்காட்டியைப் பார்த்துக் கழற்றுவதைக் காட்டிலும், கருவியின் நிலையை அளந்தறிவதும், அளந்ததைப் பதிந்து ஒப்பிடுவதும், மாற்று ஏற்பாடுகள் உண்மையாகவே செயற்படுமா என்று சோதிப்பதும் இன்றியமையாதவை. இக்கருத்து புதியதன்று, ஆயினும் நடைமுறையில் இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை.

கழற்றுவதும் ஒரு காரணமாகலாம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் கடற்கரைக் காவற்பிரிவில் பணியாற்றிய விஞ்ஞானிகள், விமானங்களின் பழுதுகளைக் கணக்கிட்டு ஆராய்ந்தனர். சி. எச். வாடிங்டன் என்னும் உயிரியல் அறிஞர் அக்குழுவில் முக்கியமானவர். ஒவ்வொரு 50 மணிப் பறத்தலுக்கும் ஒருமுறை நடைபெறும் பரிசோதனைக்குப் பிறகு பழுதுகள் குறைந்திருக்க வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். மாறாக, பரிசோதனை முடிந்த உடனே பழுதுகள் மிகுந்தும், பின்னர்ப் படிப்படியாகக் குறைந்தும் காணப்பட்டன. நன்றாக இயங்கிய உறுப்புகளைப் பரிசோதனையே கலைத்துவிட்டது என்பது இதனால் புலனாயிற்று.

1978இல் நௌலன், ஹீப் என்னும் இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கையும் இதனை உறுதிப்படுத்திற்று. அவர்கள் ஆராய்ந்த விமான உறுப்புகளுள் 100க்கு 11 மட்டுமே காலவரையறை வைத்து மாற்றுவதால் பயன்பெறக் கூடியவை. 100க்கு 68 உறுப்புகள் பொருத்தப்பட்ட தொடக்கக் காலத்திலேயே பழுதடையும் வாய்ப்பு மிகுந்தவை. விமானத்திற்குக் கண்ட எண்கள் கப்பலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளுதல் தகாது. ஆனால் அடிப்படை உண்மை ஒன்றே. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தூசும் ஈரமும் உட்புக இடமுண்டு; திருகு தளர இடமுண்டு; கம்பி மாறிப்போக இடமுண்டு. தேவையின்றித் திறப்பது பராமரிப்பு ஆகாது.

ஓர் எண் போதாது

கப்பலின் என்ஜின் அறை மின்கருவிகளுக்குக் கடுமையான இடம். கருவிகள் 45 டிகிரி செல்சியஸ் சூழலில் இயங்கத்தக்கனவாக இருக்க வேண்டும் என்றே கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்கள் விதித்துள்ளன. வெப்பத்துடன் உப்புக் காற்று, எண்ணெய்ப் படலம், ஓயாத அதிர்வு ஆகியவையும் சேர்கின்றன. இவை யாவும் முதலில் தாக்குவது மின்காப்பையே. இயக்கப்படாமல் நிற்கும் மாற்று மோட்டார்க்கே தீங்கு மிகுதி; ஓடும் மோட்டார் தன் வெப்பத்தால் தன்னை உலர்த்திக் கொள்ளும்; நிற்கும் மோட்டாரில் ஈரம் படியும். அதன் உள்ளே பொருத்தப்பட்ட சிறு வெப்பமூட்டி பழுதானால் அதனை எவரும் உடனே கவனிப்பதில்லை.

மின்காப்பை அளக்கும் கருவி ‘மெகர்’ என்பது களப்பணியாளர் அனைவரும் அறிந்ததே. மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் இணைக்க முடியாதபடி பூட்டியபின், மின்னணு உறுப்புகளைப் பிரித்துவிட்டு, 440 வோல்ட்டு மோட்டாருக்கு 500 வோல்ட்டு நேர்மின்னழுத்தம் கொடுத்து அளப்பர். 1,000 வோல்ட்டுக்குக் குறைந்த இக்கால மோட்டார்களுள் பெரும்பாலானவற்றிற்குக் காப்புத்தடை, 40 டிகிரிக்குத் திருத்திக் கணக்கிட்டால், 5 மெகோமுக்குக் குறையலாகாது என்பது அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் 43ஆம் எண் நெறிமுறை. பெரும்பாலோர் செய்யும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. முள் 5க்கு மேல் நின்றால் ‘நன்று’ என்று எழுதிவிட்டு அடுத்த மோட்டாருக்குச் சென்றுவிடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக இரு மோட்டார்களைக் கொள்க. ஒன்று மூன்று மாதத்திற்கு ஒருமுறை அளந்தபோது 200, 150, 90, 40 மெகோம் என்று காட்டியது. மற்றொன்று 12, 11, 12, 11 என்று காட்டியது. கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவர் முதலாவதே நல்ல மோட்டார் என்பர். நான்கு எண்களையும் சேர்த்துப் பார்ப்பவர், முதல் மோட்டாரில் ஏதோ ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்றும், அடுத்த துறைமுகத்திற்கு முன்பே அதனைக் கண்டறிய வேண்டும் என்றும் உணர்வர். இரண்டாவது மோட்டார் பழையதாயினும் நிலையாக உள்ளது. ஆகவே, மெகர் தரும் எண் தனியே நின்று எதனையும் கூறுவதில்லை. முந்திய எண்களோடு சேரும்போதே பொருள் பெறுகிறது.

எண்ணுடன் வெப்பநிலையையும் எழுதுதல் வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் காப்புத்தடை ஏறத்தாழப் பாதியாகும். 30 டிகிரியில் 40 மெகோம் காட்டிய மோட்டார், 50 டிகிரியில் 10 மெகோம் காட்டினால், அது கெட்டுவிட்டது என்று கலங்க வேண்டுவதில்லை; அதன் நிலை மாறவே இல்லை. வெப்பநிலை எழுதப்படாத பதிவேட்டில் உண்மையான வீழ்ச்சியும் பொய்யான வீழ்ச்சியும் ஒரே தோற்றம் அளிக்கும். பெரிய இயந்திரங்களுக்கு 1 நிமிடத்தில் கண்ட தடையையும் 10 நிமிடத்தில் கண்ட தடையையும் ஒப்பிடும் முறை உண்டு. நன்றாக உலர்ந்து தூய்மையாக உள்ள காப்பில் பின்னது முன்னதைப்போல் இரு மடங்கேனும் இருக்கும். ஈரம் ஏறிய காப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நிற்கும்.

மங்கிய விளக்கும் சூடான முனையும்

நிலை அறியும் கருவிகள் யாவும் விலையுயர்ந்தவை என்று எண்ணுதல் தவறு. பல கப்பல்களின் முதன்மை மின்பலகையில் உள்ள மூன்று சிறு விளக்குகளே சிறந்த சான்று. கப்பலின் 440 வோல்ட்டு அமைப்பு பெரும்பாலும் உடற்சட்டத்துடன் இணைக்கப்படாமல் தனித்து விடப்படுகிறது. இதனால் ஒரு முகக் கம்பி உடற்சட்டத்தைத் தொட்டாலும் மின்சாரம் நிற்பதில்லை. சுக்கான் பம்பு தொடர்ந்து ஓடும். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. அப்பழுதை அறிவிப்பவை அம்மூன்று விளக்குகள். மூன்றும் ஒரே ஒளியுடன் எரிந்தால் நலம். ஒன்று மங்கி மற்ற இரண்டும் ஒளிர்ந்தால், மங்கிய முகத்தில் காப்புக் கெட்டுள்ளது என்பது பொருள்.

இவ்வேற்பாட்டின் நன்மையிலேயே அதன் தீங்கும் அடங்கியுள்ளது. முதற்பழுதால் எதுவும் நிற்காமையால், அதனைத் தேடும் அவசரம் தோன்றுவதில்லை. மழையில் நனைந்த மேல்தள விளக்காக இருக்கலாம் என்று விட்டுவிடுகின்றனர். மங்கிய விளக்கு கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பின்னொருநாள் வேறொரு முகத்தில் இரண்டாம் பழுது தோன்றும்போது, இரண்டும் உடற்சட்டத்தின் வழியே சேர்ந்து குறுக்குச்சுற்று ஆகிவிடும். அப்போது விடுபடும் பிரேக்கர் எதனுடையது என்பது எவர் கையிலும் இல்லை. முதற்பழுதை அன்றே தேடிக் களைவது எந்தக் கழற்றிப் பூட்டும் வேலையைக் காட்டிலும் பயன்மிக்கது.

வெப்பமும் ஒரு நல்ல அறிகுறி. தளர்ந்த இணைப்பில் தடை மிகுதி. ஓர் இணைப்பில் 1 மில்லிஓம் தடை ஏற்பட்டு, அதன் வழியே 200 ஆம்பியர் சென்றால், அவ்விடத்தில் 40 வாட்டு வெப்பம் உண்டாகும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். அகச்சிவப்புப் படக்கருவியால் மின்பலகையைப் பார்த்தால், அம்முனை மற்ற இரண்டு முகங்களின் முனைகளைக் காட்டிலும் ஒளிர்ந்து தெரியும். இச்சோதனையைச் சுமை மிகுந்துள்ள நேரத்தில் செய்தல் வேண்டும். சுமையின்றி எடுத்த படம் எல்லாம் நலமாகவே தோன்றும். மிகச் சிறிய மின்னோட்டம் செல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் வெப்பத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. மின்சாரத்தைத் துண்டித்தபின் ஒவ்வொரு கம்பியையும் கையால் மெல்ல இழுத்துப் பார்ப்பதே அங்கே உறுதியான சோதனை.

காவலரைக் காப்பவர் யார்?

நிலை கண்காணிப்பைத் தானியங்கிக் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டால் மனிதர் கவலையின்றி இருக்கலாம் என்று கூறுவோர் உண்டு. 2010 செப்டம்பர் 23ஆம் நாள் அதிகாலை 4 மணி 25 நிமிடத்திற்கு, ‘குவீன் மேரி 2’ என்னும் பெரும் பயணிக் கப்பல் பார்சிலோனாவை நெருங்கிக் கொண்டிருந்தபோது நிகழ்ந்தது இவர்களுக்கு விடையாகும். மின்னலையின் திரிபுகளைக் களையும் வடிகட்டி அமைப்பில் மின்தேக்கி ஒன்று சிதைந்து வெடித்தது. சில விநாடிகளில் நான்கு உந்து மோட்டார்களும் நின்றன. அடுத்துக் கப்பல் முழுவதும் மின்சாரம் நின்றது. அருகில் பாறையோ கரையோ இல்லாமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே கப்பல் பயணத்தைத் தொடர முடிந்தது.

அம்மின்தேக்கிகளின் சிதைவை முன்னறிவிக்க ஒரு கருவி இருக்கவே செய்தது. மின்னோட்டங்களின் ஏற்றத்தாழ்வைக் கண்டு எச்சரிப்பது அதன் வேலை. அக்கருவியே செயலற்றிருந்தது என்றும், பல ஆண்டுகளாகவே அது வேலை செய்திருக்க வாய்ப்பில்லை என்றும் பிரிட்டிஷ் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை கண்டது. எச்சரிக்கை வரவில்லை என்பதை நலம் என்று கொண்டதே அங்கு நேர்ந்த பிழை. மௌனமாக இருக்கும் கருவி நலத்தையும் குறிக்கலாம்; தன் மரணத்தையும் குறிக்கலாம். இரண்டையும் வேறுபடுத்த, அதனைச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே நாட்காட்டியை முற்றும் ஒதுக்கிவிடுதல் கூடாது. தொடர்ந்து இயங்கும் கருவியின் நிலையை அளந்து அறியலாம். இயங்காமல் காத்திருக்கும் கருவியின் பழுது மறைந்தே இருக்கும். அதனைக் குறித்த நாளில் இயக்கிப் பார்த்தே அறிய வேண்டும். காவல் ரிலேக்கள், எச்சரிக்கைக் கருவிகள், மின்கல அடுக்குகள், தானே தொடங்க வேண்டிய மாற்றுப் பம்புகள் ஆகியவை இவ்வகையின. அவசர மின்னாற்றல், முதன்மை மின்சாரம் நின்ற 45 விநாடிகளுக்குள் கிடைக்க வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் விதிக்கிறது. கையால் பொத்தானை அழுத்தி அவசர மின்னியற்றியை ஓடவிட்டுப் பார்ப்பது இச்சோதனை ஆகாது. பாதுகாப்பான இடத்தில் மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்தி, அது தானே தொடங்குகிறதா, எத்தனை விநாடியில் சுமையை ஏற்கிறது என்று பார்ப்பதே சோதனை. தொடர்ந்து பயன்படாத மாற்றுக் கருவிகளை முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது 2002 ஜூலை 1 முதல் பெரும்பாலான சரக்குக் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் பன்னாட்டுப் பாதுகாப்பு மேலாண்மை விதித்தொகுப்பின் கட்டளையுமாகும்.

பதிவேடே கப்பலின் நினைவு

ஆட்குறைவு, நேரக்குறைவு, எழுத்துவேலையின் மிகுதி ஆகியவற்றைக் காட்டி இம்முறையை மறுப்போர் உண்டு. இவற்றில் உண்மை இல்லாமலில்லை. நிரப்ப வேண்டிய படிவங்கள் பெருகியுள்ளன. பணியாளர் தொகை சுருங்கியுள்ளது. இந்நெருக்கடியின் விளைவாகவே மிகப் பெரிய தீமை ஒன்று தோன்றுகிறது. அளக்காமலேயே சென்ற மாதத்து எண்ணைச் சற்று மாற்றி எழுதிவிடும் வழக்கமே அது. எழுதாத பக்கம் ஐயத்தை எழுப்பும். அடுத்தவர் அளந்து பார்ப்பார். பொய்யாக எழுதிய பக்கம் நம்பிக்கையை அளித்து, அடுத்தவரை அளக்கவிடாமல் தடுத்துவிடும். நூறு மோட்டார்களைப் பற்றிய கற்பனை எண்களைக் காட்டிலும், முக்கியமான இருபது மோட்டார்களைப் பற்றிய மெய்யான எண்கள் மேலானவை. ஆகவே குறைக்க வேண்டியது படிவங்களை. அளவீட்டின் உண்மையை அன்று. இதனை அலுவலகத்திலிருந்து படிவம் அனுப்புவோரும் உணர வேண்டும்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை கப்பலின் பணியாளர் மாறுகின்றனர். இயந்திரங்கள் மட்டும் மாறாமல் இருக்கின்றன. நிலத்து ஆலையில் இருபது ஆண்டு ஒரே மோட்டாருடன் பழகிய தொழிலாளிக்கு அதன் ஒலியே போதும். கப்பலில் புதிதாக ஏறும் அதிகாரிக்கு அம்மோட்டாரைப் பற்றிச் சொல்லக் கூடியது பதிவேடு ஒன்றே. அதில் உள்ள எண்கள் பொய்த்தால், கப்பல் தன் நினைவை இழந்துவிடுகிறது.

ஆசிரியர் கடமை

கடலோடிகளின் பயிற்சிக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் 2010இல் மணிலாவில் செய்யப்பட்ட திருத்தங்கள், மின்தொழில்நுட்ப அதிகாரி என்னும் பதவிக்குத் தனித் தகுதி வரையறை அளித்தன; 2012 ஜனவரி 1 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. இந்தியாவில் இதற்கெனப் பயிற்சி வகுப்புகள் நடைபெற்று வருகின்றன. உலகக் கப்பல்களில் பணிபுரிவோருள் இந்தியர் கணிசமான பங்கினர். ஆதலின் இவ்வகுப்புகளில் ஊன்றும் பழக்கம் உலகின் பல துறைமுகங்களுக்கும் செல்லும்.

காப்புத்தடை என்றால் என்ன என்னும் கேள்விக்கு மாணவர் விடை எழுதுவதோடு கல்வி முடிந்துவிடலாகாது. பயிற்சிக் கூடத்தில் உள்ள பழைய மோட்டார் ஒன்றை ஒவ்வொரு மாணவரிடமும் ஒப்படைத்து, பருவம் முழுவதும் வாரந்தோறும் அளந்து, வெப்பநிலையுடன் பதிந்து, வரைபடத் தாளில் கோடிட்டு வரச் செய்யலாம். நடுவில் ஆசிரியர் ஒருநாள் மோட்டாரின் வெப்பமூட்டியை நிறுத்திவிட்டு, எந்த மாணவர் கோட்டின் இறக்கத்தைக் கண்டு வினவுகிறார் என்று பார்க்கலாம். பருவ முடிவில் ஏட்டை மற்றொரு மாணவரிடம் கொடுத்து, அதனை மட்டும் படித்து மோட்டாரின் நிலையைக் கூறும்படி கேட்கலாம். இதற்கு ஒரு மெகரும் ஒரு வெப்பமானியும் போதும்.

களப்பணியாளருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். இன்று எழுதும் எண்ணைப் படிக்கப் போகிறவர், அந்த இயந்திரத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவர். அவர் அதனை நம்பி இரவு நேரத்தில் குறுகிய கால்வாயில் கப்பலைச் செலுத்தப் போகிறார். கருவியைத் திறக்குமுன் அளப்பதும், அளந்ததை உள்ளபடி எழுதுவதும், எழுதியதை முந்தியவற்றோடு ஒப்பிடுவதும், காத்திருக்கும் கருவியைக் காத்திருக்க விடாமல் சோதிப்பதும் ஆகிய இந்நான்கும் பழக்கமானால், கப்பலில் மின்தடைகள் பெரிதும் குறையும் என்பதில் ஐயமில்லை.